மறு: விசா, பாஸ், என்ட்ரி பெர்மிட்: மூன்றுக்கும் ‘நுழைவு அனுமதி’யா?

ஐயா, வணக்கம்.

விசா, பாஸ், என்ட்ரி பெர்மிட் ஆகியவற்றைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பது பற்றி நீங்கள் எழுதியது: “மூன்றுக்கும் பொதுவாக ‘நுழைவு அனுமதி’ என்று வைத்துவிட்டால் குழப்பம் தீரும்.”

எனக்கென்னவோ குழப்பமே அங்கேதான் தொடங்கும் என்று படுகிறது. இங்கே மலேசியாவில் மூன்றும் வேறு வேறு.

விசா இருந்தால் விமானம் ஏறலாம், அவ்வளவுதான். கேஎல்ஐஏ (கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம்) முகப்பில் அதிகாரி மறுத்துவிட்டால் வந்த வழியே திரும்ப வேண்டும். உள்ளே விடுவது பாஸ். கடப்பிதழில் குத்தும் முத்திரையைப் பாருங்கள்: நுழையலாம், இத்தனை நாள் தங்கலாம் என்று இரண்டும் சேர்ந்தே இருக்கும். நாள் கணக்குதான் பாஸின் உயிர். கோலாலம்பூர்க்காரர் நம் நாட்டு மாநிலமான சரவாக் போனால் அவருக்கும் 90 நாள் பாஸ்தான். சொந்த நாட்டுக்குள் விசா ஏது?

என்ட்ரி பெர்மிட்தான் பெரிய வம்பு. பெயரைப் பார்த்தால் ஏதோ வாசலில் தரும் சீட்டு போலிருக்கும். ஆனால் 1959/63 குடிநுழைவுச் சட்டப்படி, அதை வைத்திருப்பவர் நிரந்தரவாசி. சிவப்பு ஐசி (நிரந்தரவாசிகளின் அடையாள அட்டை) என்றால் எந்தத் தோட்டத்துப் பாட்டிக்கும் புரியும். இந்த மண்ணிலேயே நரைத்துப்போன அந்தப் பாட்டியிடம் இருப்பதை ‘நுழைவு அனுமதி’ என்றால், அவரை இன்னும் கப்பல்துறையிலேயே நிறுத்தி வைத்த மாதிரி ஆகாதா?

எனவே ‘நுழைவு’ என்பதையே விட்டுவிடலாம். அதை வைத்திருப்பவர் என்ன செய்யலாமோ அதையே சொல்வோம். பாஸுக்குத் ‘தங்கல் அனுமதி’, என்ட்ரி பெர்மிட்டுக்கு ‘நிரந்தரவாச அனுமதி’. விசா விசாவாகவே இருக்கட்டும். ‘குடிநுழைவு அனுமதி’ என்றும் யோசித்தேன். தமிழ்நாட்டில் குடியேற்றம், இலங்கையில் குடிவரவு என்பதை நாம் குடிநுழைவு என்கிறோம், அழகான சொல். ஆனால் அது இலாகாவின் பெயராகவே ஆகிவிட்டதால், அங்கே தரும் எல்லாத் தாளுக்கும் பொருந்திவிடும். (‘வாசம்’ வடசொல் என்று இந்நேரம் ஒருவர் தட்டச்சு செய்துகொண்டிருப்பார். சரி, வரட்டும்.)

‘அனுமதி’யைத் தனியே விடுவதும் ஆபத்து. கலைநிகழ்ச்சி சுவரொட்டியில் ‘அனுமதி இலவசம்’ என்றால் உள்ளே போவது. மருத்துவமனைச் செய்தியில் ‘அனுமதிக்கப்பட்டார்’ என்றால் வார்டில் சேர்த்தது. முன்னால் ஒரு சொல் நின்றால்தான் அது கட்டுக்குள் இருக்கும்.

ஒரு முடிச்சு மட்டும் அவிழவில்லை. வெளிநாட்டுத் தொழிலாளர் வைத்திருப்பது சட்டப்படி பாஸ்; ஊரே அதை ‘வேலை பெர்மிட்’ என்கிறது. ‘வேலைத் தங்கல் அனுமதி’ என்று எழுதினால் யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். ‘வேலை அனுமதி’ போதுமா, அல்லது தங்கல் என்பது கட்டாயம் வேண்டுமா? சட்டத் துறையில் உள்ளவர்கள் சொல்லுங்கள்.