ஈல்ஸ் பத்தாவதாக முடித்த வருடம்: உங்களுக்கு யார் என்ன சொன்னார்கள்?

பென்டில் ஹில் வாசி:

2023 செப்டம்பர் முதல் வார இறுதி. ஆஸ்திரேலியாவின் றக்பி லீக் போட்டியான என்.ஆர்.எல்.இன் 27ஆவது சுற்று, அதாவது ஃபைனல்ஸுக்கு முந்திய கடைசிச் சுற்று. மொத்தம் 17 அணிகளில் 16 விளையாடின. எங்கள் மேற்கு சிட்னி அணியான பரமாட்டா ஈல்ஸுக்கு மட்டும் ஓய்வு. இங்கே அதை ‘பை’ என்பார்கள். விளையாடாமலே 2 புள்ளி தருவார்கள். பல வாரங்களாக நானும் வேலையிடத்து ஆட்களும் அந்த 2 புள்ளியைப் பையிலே கிடக்கிற காசு மாதிரி எண்ணிக்கொண்டிருந்தோம். கடைசியில் பை வந்தது, ஆனால் பிரயோசனமில்லை. 30 புள்ளி, பத்தாம் இடம். முதல் எட்டு அணிகளுக்குத்தான் ஃபைனல்ஸ், அதாவது கோப்பைக்கான கடைசிக் கட்ட ஆட்டங்கள். எட்டாவதாக வந்த கன்பெராவிடம் 32.

அந்தச் சனிக்கிழமை பரமாட்டா ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றேன். பக்கத்து பெஞ்சில் நீலமும் மஞ்சளுமாக ஒரு பழைய மஃப்ளர் போட்ட வெள்ளைக்காரப் பெரியவர், கடை ரசீது ஒன்றின் பின்பக்கத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். என் தொப்பியைப் பார்த்ததும் ரசீதை நீட்டினார். புள்ளிப் பட்டியல்!

“ஒரு வெற்றி. ஒன்றே ஒன்று போதும்” என்றார். கணக்கு சரிதான். இன்னொன்று வென்றிருந்தால் நாமும் 32. சமமானால் ஆட்டங்களில் அடித்த புள்ளிக்கும் வாங்கிய புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்ப்பார்கள். கன்பெரா அடித்ததை விட வாங்கியது நூறு புள்ளிக்கு மேல் அதிகம். நம் கணக்கோ கொஞ்சம் கூட்டல் பக்கம். அப்படியானால் முதல் எட்டுக்குள் நாமும்.

“எந்த ஆட்டம் என்று நினைக்கிறாய்?” என்று கேட்டார். ஆகஸ்டில் பிரிஸ்பேனிடம் 54-10 என்று வாங்கியதைச் சொன்னேன். தலையை ஆட்டினார். அது எப்படியும் தோற்கிற ஆட்டமாம். ரசீதில் மூன்று வரிகளுக்குக் கீழே கோடு போட்டிருந்தார். மூன்றும் மார்ச் மாதத்து ஆட்டங்கள். மெல்பேர்னிடம் 12-16, அதுவும் கோல்டன் பாயின்ட்டில், அதாவது சமநிலைக்குப் பிறகு முதலில் அடிப்பவர் வெல்லுகிற கூடுதல் நேரத்தில். குரோனல்லாவிடம் 26-30. மான்லியிடம் 30-34. மூன்றிலும் வித்தியாசம் நாலே நாலு புள்ளி. பந்தை எதிரணிக் கோட்டுக்கு அப்பால் தரையில் வைக்கிற ஒரு ட்ரையின் விலை.

அவர் சின்ன வயதிலிருந்து ஈல்ஸ் ஆள். 1981இல் முதல் கோப்பை வாங்கிய இரவு ரசிகர்கள் சந்தோசத்தில் கம்பர்லாந்து ஓவல் மைதானத்துக் கொட்டகையையே கொளுத்திவிட்டார்களே, அப்போது அங்கே நின்றாராம். “தீப்பெட்டி என்னிடம் இருக்கவில்லை” என்று கண்ணடித்தார். பிறகு குரல் மாறியது. “1986 இறுதி ஆட்டத்தில் கேன்டர்பரியை 4-2 என்று அடித்தோம். ஒரு ட்ரைகூட இல்லை. ட்ரை போடாமல் கோப்பை வாங்கிய அணி இப்போது 30 புள்ளி அடித்துவிட்டுத் தோற்கிறது.” அந்தக் கோப்பைதான் இன்றுவரை கடைசி.

அவருடைய குற்றச்சாட்டு ஆஃப்லோடு மேல். றக்பி என்றால் கண்டி, கொழும்புப் பள்ளிக்கூடங்களின் 15 பேர் ஆட்டம் மட்டும் தெரிந்தவர்களுக்கு: லீக்கில் 13 பேர். பிடித்து விழுத்தினால் பந்துக்கு அடிபாடு இல்லை, விழுந்தவன் எழும்பிக் காலால் பின்னுக்கு உருட்டி ஆட்டத்தைத் தொடர்வான். ஆனால் ஆறு தடவை பிடிபட்டால் பந்து மற்றப் பக்கத்துக்கு. அதனால் ஐந்தாவதோடு உதைத்துவிடுவார்கள். இந்த எண்ணிக்கையை ஏமாற்ற ஒரு வழி, விழமுன்னம் கையைப் பிடுங்கி எடுத்துப் பக்கத்தில் வருகிறவனிடம் பந்தைத் தட்டிவிடுவது. அதுதான் ஆஃப்லோடு. எதிரணி வரிசை கட்டி நிற்க நேரமே கிடைக்காது. தவறினால் பந்து அவர்கள் கையில், நம் ஆட்கள் எல்லாரும் முன்னுக்கு.

பெரியவர் அதைச் சூதாட்டம் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. 2022இல் இதே ஆட்டத்தை ஆடித்தானே கிராண்ட் ஃபைனல் வரை போனோம்? (அங்கே பென்ரித்திடம் 28-12. அதை விடுங்கள்.) என் கணக்கில் பிழை ஆட்டத்தில் இல்லை, ஆட்களில். அந்த வருடம் முடிய பப்பாலிஈ, நியுகோரே, ரீட் மஹோனி மூவரும் வேறு அணிகளுக்குப் போனார்கள். மஹோனியின் இடத்துக்கு வந்த ஜோஷ் ஹாட்ஜ்சன் கழுத்துக் காயத்தோடு விளையாட்டையே விட்டார். பந்தைத் தட்டிவிடுகிறவன் அப்படியே இருந்தான், வாங்க ஓடிவருகிறவன்தான் மாறிப்போனான்.

கிளித்தட்டு விளையாடியவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. கோட்டில் நிற்பவனை ஒருவன் ஆசை காட்டி ஒரு பக்கம் இழுப்பான். அந்த நொடியில் மற்றவன் பின்னால் பூந்துவிடுவான். ஈல்ஸின் ஓரத் தாக்குதலும் அதேதான். ஒருவன் பந்து வாங்குகிற மாதிரி நேரே ஓடுவான், தடுப்பாளன் அவனைக் கட்டிப்பிடிப்பான், பந்து அவன் முதுகுக்குப் பின்னால், பின்வரிசையிலிருந்து ஓடிவருகிற ஃபுல்பேக்கிடம் போகும். இழுக்கிறவன் அரை நொடி முந்தினாலும் எல்லாம் பாழ். அந்த மார்ச்சில் நமக்கு அந்த அரை நொடி சரிவரவே இல்லை.

இதைக் கிளித்தட்டு என்ற சொல் இல்லாமல் ஆங்கிலத்தில் சொல்ல நான் பட்ட பாடு! பாதியில் அவருடைய ரயில் வந்துவிட்டது. உங்களுக்கு யாராவது இப்படி அகப்பட்டார்களா?

பென்ரித் மருமகன்:

அண்ணை, நான் கட்டினது பென்ரித்தில், அதனால் அணியும் அதுதான். சொந்தக் கதை ஒன்று சொல்கிறேன்.

என்னோடு வேலை செய்கிற ஈல்ஸ் பையன் ஒருவன். 2023இல் எங்கள் இரண்டு அணியும் மோதினால் தோற்றவன் மத்தியானச் சாப்பாடு வாங்க வேண்டும் என்று பந்தயம். நாலாவது சுற்றில் 17-16, ஈல்ஸின் மோசஸ் உதைத்த ஒற்றைப் புள்ளியில் போனது. கொத்து ரொட்டி வாங்கிக் கொடுத்தேன். 26ஆவது சுற்றில், அதுவும் எங்கள் மைதானத்திலேயே, 32-18. திரும்பவும் கொத்து. அவன் அதைச் சாப்பிட்டுக்கொண்டே எனக்குத் தாக்குதல் பற்றிப் பாடம் எடுத்தான். வாய் திறக்க முடியவில்லை.

ஒக்டோபரில் கோப்பை எங்களுக்கு. பிரிஸ்பேன் 24-8 என்று முன்னுக்கு நின்றது. பிறகு எங்கள் கிளியரி எழும்பினார், 26-24. அன்றைக்கு நான் சாப்பாடு கேட்டேன். “நாங்கள் விளையாடவில்லையே, எப்படித் தோற்றதாகும்?” என்கிறான்.

அவனிடம் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். பெரிய அணியோடு ஆடும்போது ஈல்ஸின் தட்டிவிடுகிற ஆட்டம் எங்களுக்கே பயம்தான். ஆனால் வாராவாரம் புள்ளி சேர்ப்பது வேறு வேலை. ஐந்து தடவையும் பந்தைக் கீழே விடாமல் கொண்டுபோய், பிறகு மூலைக்கு உதைத்து, எதிரணியை அவர்கள் கோட்டிலேயே பூட்டி வைக்க வேண்டும். பார்க்க அலுப்பாக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். மாமாவே சில நாள் டிவிக்கு முன்னால் நித்திரையாகிவிடுவார்.

டூங்காபி அம்மா:

எனக்குப் புள்ளிப் பட்டியல் எல்லாம் தெரியாது தம்பி. மகனுக்கு ஒன்பது வயது, சனிக்கிழமை விடிய மைதானத்துக்குக் கூட்டிப்போகிறேன். குளிரில் நடுங்கிக்கொண்டு நின்ற எனக்குத் தன் போர்வையில் பாதியைத் தந்தது ஒரு டோங்கா பாட்டி. அவவின் பேரன் எங்கள் அணியில்தான், இவனைவிட ஒரு முழம் அகலம்.

ஒரு நாள் என் மகன் விழுந்துகொண்டே பந்தை எறிந்தான், அது மற்ற அணிப் பொடியன் கையில் போய் விழுந்தது. பயிற்சியாளர் கத்தினார். நானும் இனி எறியாதே என்றுதான் கத்தினேன். பாட்டி என் கையைப் பிடித்தார். கூடையிலிருந்து ஒரு மண்டரின் தோடம்பழம் எடுத்து என் கையில் வைத்து, என் தோளை இறுக்கிக் கட்டிப்பிடித்து, “இப்போது என்னிடம் தா” என்றார். கையை வெளியே எடுக்க முடியவில்லை. “முதலில் கையை மேலே வைத்துக்கொண்டு மோது. பிறகு பார். ஆள் இருந்தால் கொடு, இல்லாவிட்டால் கட்டிக்கொண்டு விழு.” அதோடு தன் பேரனைப் பார்த்து ஒரு சத்தம் போட்டார். பிழை அவனுடையதாம். இவனுக்குப் பின்னால் ஓடிவராமல் நடந்து வந்தானாம்.

அன்றைக்கு வீட்டில் மகனும் நானும் ஒரு கிலோ மண்டரினை நசுக்கினோம். என் வீட்டுக்காரருக்குத்தான் கோபம்.

பென்டில் ஹில் வாசி:

அக்கா, அந்தப் பாட்டியை ஈல்ஸ் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும். நான் அரைப் பக்கம் எழுதியதை ஒரு மண்டரினில் முடித்துவிட்டா.

மருமகன் தம்பிக்கு: அலுப்பான ஆட்டம் புள்ளி தரும், சரி. ஆனால் 2009ஐ மறக்காதே. கடைசிச் சுற்றில் செயின்ட் ஜார்ஜிடம் 37-0 என்று வாங்கி எட்டாவதாக உள்ளே போனோம். அடுத்த வாரமே அதே அணியை அவர்கள் மைதானத்தில் 25-12. ஜாரிட் ஹெயின் அன்று ஓடிய ஓட்டம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. கிராண்ட் ஃபைனல் வரை இழுத்துக்கொண்டு போனார்கள். எட்டாம் இடம் என்று ஒன்று இருக்கும்வரை நாங்கள் எண்ணிக்கொண்டேதான் இருப்போம்.

அந்தப் பெரியவரைத் திரும்பவும் கண்டேன். 2024 மார்ச், முதல் சுற்று, நம் மைதானத்தில் கேன்டர்பரியை 26-8 என்று அடித்துவிட்டு எல்லாரும் வெளியே வருகிற நேரம். அதே மஃப்ளர். சட்டைப் பையிலிருந்து புது ரசீது ஒன்றை எடுத்துக் காட்டினார். மேலே ‘மார்ச்’ என்று எழுதி, அதற்குக் கீழே ஒரு கோடு மட்டும் போட்டிருந்தார்.

அந்த வருடம் பதினைந்தாவதாக முடித்தோம்.