'டெட் கார்பன்': இறந்த கரிமம் என்று எழுதலாமா?

குழுவினருக்கு வணக்கம்.

அரும்பொருளக வழிகாட்டிகளுக்காகப் பழந்துணிக் காலக்கணிப்பை விளக்கும் தமிழ்க் கையேட்டில் ஒரு சொல் இடறுகிறது. ரேடியோகார்பன் டேட்டிங்குக்கு (கரிமத்தின் கதிரியக்க வகையான கரி 14 எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று எண்ணி வயது காண்பது) 'கதிரியக்கக் கரிமக் காலக்கணிப்பு' நிலைத்துவிட்டது. நீளமானாலும் இனி கைவைக்க வேண்டாம். 2019இல் கரிம வரி வந்ததிலிருந்து 'கரிமம்' சிங்கப்பூர் வாசகர் நாளிதழில் பார்த்துப் பழகிய சொல். ஐசோடோப்பு, ஓரிடத்தான் இரண்டில் எதைப் போட்டாலும் சண்டையில்லை. சிக்கல் 'டெட் கார்பன்'. வரைவில் 'இறந்த கரிமம்' என்று இருக்கிறது.

அதே பக்கத்தில் இரண்டு பத்திக்கு முன் இப்படி எழுதியிருக்கிறோம்: "செடி உயிரோடு இருக்கும்வரை காற்றிலிருந்து கரி 14ஐ எடுத்துக்கொண்டே இருக்கும். இறந்ததும் வரவு நின்றுவிடும்; இருப்பு குறையத் தொடங்கும்." இதைப் படித்துவிட்டு வருபவர் 'இறந்த கரிமம்' என்றால் அந்தப் பருத்திச் செடியின் கரிமத்தைத்தான் நினைப்பார். நாம் சொல்ல வந்ததோ நிலக்கரி, பெட்ரோலியத்தின் கரிமத்தை. அதில் கரி 14 துளியும் இல்லை. பேட்டரி செத்துப்போச்சு என்று பேச்சில் சொல்கிறோம். பேட்டரி இறந்தது என்று யாரும் சொல்வதில்லை. அதற்காகச் 'செத்த கரிமம்' என்று காட்சிப் பலகையில் எழுதவும் முடியாது.

தொல்கரிமம், ஓய்ந்த கரிமம், கதிரற்ற கரிமம் என மூன்று தோன்றின. எது பொருந்தும்?

– தெம்பனிஸ்

வணக்கம்.

> தொல்கரிமம், ஓய்ந்த கரிமம், கதிரற்ற கரிமம்

முதலாவது வேண்டாம். தொல்லியல், தொல்பொருள் என்று பழகிய கண் அதை அகழாய்வில் கிடைத்த துணியின் கரிமம் என்றே படிக்கும். மூன்றாவது அறிவியல்படி தவறு. பருத்தியில் உள்ள கரிமத்தில் கிட்டத்தட்ட 98.9 விழுக்காடு கரி 12, 1.1 விழுக்காடு கரி 13. இரண்டுமே கதிர் வீசாதவை. ஆகவே 'கதிரற்ற கரிமம்' எல்லாத் துணியிலும் எப்போதும் உண்டு.

சொல்லைத் தேர்வதற்கு முன் அது துணியில் என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். கரி 14இன் அரை ஆயுள் (இருப்பு பாதியாகும் காலம்) 5730 ஆண்டு. பத்து அரை ஆயுள் போனால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிச்சம். பெட்ரோலியத்தின் வயது கோடிக்கணக்கில் என்பதால் மிச்சம் சுழி. பெட்ரோலிய மூலத்திலிருந்து செய்த பசையைப் பிற்காலத்தில் ஒருவர் துணியில் பூசிவிட்டார் என்று வையுங்கள். அந்தப் பசையின் கரிமம் மொத்தக் கரிமக் கணக்கில் ஏறும், கரி 14 கணக்கில் ஏறாது. விகிதம் குறையும், துணிக்கு வயது கூடும். 1 விழுக்காடு இருந்தால் ஏறத்தாழ 80 ஆண்டு, 5 விழுக்காடு இருந்தால் 410 ஆண்டு கூடுதலாகக் காட்டும். அதாவது தமாசெக் (பழைய சிங்கப்பூர்) துறைமுகம் நடந்த 14ஆம் நூற்றாண்டின் கடைசித் துணி இராசராசன் காலத்துக்குப் போய்விடும். துணி எவ்வளவு பழையதானாலும் இந்தக் கூடுதல் மாறாது என்பதையும் கையேட்டில் சொல்லலாம்.

இன்றைய கரிமம் கலந்தால் நிலைமை வேறு. 600 ஆண்டுத் துணியில் 5 விழுக்காடு இன்றைய கஞ்சி இருந்தாலும் 30 ஆண்டுதான் குறையும். எனவே ஆய்வகத்துக்குப் பெரிய தொல்லை கஞ்சியோ விரல் அழுக்கோ அல்ல, பசைதான். அந்துருண்டையும் நிலக்கரித் தார் அல்லது பெட்ரோலிய வழிப் பொருளே. ஆனால் அது தானாக ஆவியாகிவிடும், மிஞ்சியதும் கரைப்பானில் போய்விடும்.

கழுவும் வரிசை இது. நுண்ணோக்கியில் பார்த்து, இழையோட்டித் தைத்த இடத்தையும் ஓரப் பட்டியையும் விட்டு, பாவு நூலில் ஒன்றை உருவ வேண்டும். கையால் நூற்ற நூல் 30 டெக்ஸ் (கிலோமீட்டருக்கு 30 கிராம்) என்றால் ஒரு சென்டிமீட்டர் 0.3 மில்லிகிராம் இருக்கும். 10 மில்லிகிராமுக்கு ஒரு சாண் நூல் போதாது, ஒன்றரைச் சாண் வேண்டும். பிறகு ஹெக்சேன், அசிட்டோன், எத்தனால், கடைசியில் தூய நீர். இந்தக் கரைப்பான்கள் பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வந்தவை. கடைசி நீர்க் கழுவலில் கஞ்சத்தனம் காட்டினால், அகற்ற வந்த அதே மாசை நாமே ஏற்றிவிடுவோம்.

அடுத்து ஹைட்ரோகுளோரிக் அமிலம், 1 மோலார், 60 முதல் 80 டிகிரி வரை: மண்ணிலிருந்து ஏறிய சுண்ணாம்புக் கார்பனேட்டைக் கரைக்க. அதன்பின் 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு: மண்ணின் ஹியூமிக் அமிலத்தை எடுக்க. காரநீர் பழுப்பேறாமல் தெளிவாக வரும்வரை மாற்ற வேண்டும், ஆனால் நைந்த பருத்தி இதில் பாதிக்குமேல் கரைந்துபோகும். பட்டு, கம்பளி என்றால் காரத்தை இன்னும் நீர்த்து, சூடில்லாமல் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் இழையே கூழாகிவிடும். மூன்றாவதாக மறுபடி அமிலம். காரநீர் காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்ளும், அதை விரட்டத்தான் இது. நடுநிலைக்கு வரும்வரை அலசி, உலர்த்தி, எரித்து, வந்த வாயுவை இரும்புத்தூள் மேல் ஹைட்ரஜனோடு சூடாக்கிக் கிராஃபைட்டாக்கி, முடுக்கி நிறை நிறமாலைமானியில் கரி 14 அணுக்களை எண்ண வேண்டும். அங்கே 1 மில்லிகிராம் கரிமம் தாராளம். எகிப்தின் தர்கான் ஆடையில் எடுத்தது 2.24 மில்லிகிராம் நூல்தான். வந்த விடை 95 விழுக்காட்டு நம்பகத்துடன் கி.மு. 3482–3102.

இவ்வளவு கழுவியும் பழசாகிக் குறுக்குப் பிணைப்பு கொண்ட பசை சில நேரம் போகாது. அதனால் முதலிலேயே அகச்சிவப்பு நிறமாலையில் பசை தெரிகிறதா என்று பார்த்து, தெரிந்தால் வேறு நூல் தேடுவதே நல்லது.

சொல்லுக்கு வருகிறேன். 'ஓய்ந்த கரிமம்' பரவாயில்லை. ஆனால் கரி 14 ஓய்ந்து உட்கார்ந்துவிடுவதில்லை, நைட்ரஜனாக மாறிப் போய்விடுகிறது. ஓய்ந்த என்றால் அணு இன்னும் அங்கே இருப்பதுபோல் தொனிக்கிறது.

– ஜூரோங்

வணக்கம் ஐயா. கழுவும் வரிசைக்கு நன்றி. காரநீர் வைத்துச் சூடாக்கும் பகுதியைப் படித்ததும் உவர்மண்ணும் வெள்ளாவியும் நினைவுக்கு வந்தன. 'முன்கழுவல்' என்ற சொல் அதற்குப் போதும். 'முன்சுத்திகரிப்பு' வேண்டாம், குடிநீர் ஆலை மாதிரி இருக்கிறது.

> வரவு நின்றுவிடும். இருப்பு குறையத் தொடங்கும்

விடை இந்த வரியிலேயே இருக்கிறது. வரத்து நின்ற குளம் என்ன ஆகும்? வற்றும். பருத்திக் காய் வெடித்த நாளோடு வரத்து நின்றது, அன்றிலிருந்து வற்றிக்கொண்டிருக்கிறது. பெட்ரோலியம் வற்றி முடிந்தது. எனவே 'வற்றிய கரிமம்'. போனது கரி 14, எஞ்சி நிற்பது தரை. ஐயா சொன்ன நைட்ரஜன் குறையும் இதில் இல்லை.

ஒரு எச்சரிக்கை. யாராவது இதைச் சுருக்கி 'வற்றுகரிமம்' என்று வினைத்தொகை ஆக்க நினைக்கலாம். கூடாது. ஊறுகாய் ஊறிய காய்க்கும் ஊறுகின்ற காய்க்கும் ஊறும் காய்க்கும் பொதுவானது போல, வற்றுகரிமம் முக்காலத்துக்கும் பொருந்தும். அப்படியானால் நம் பருத்தித் துணியும் வற்றுகரிமம்தான். பிரித்துக் காட்ட வேண்டிய இரண்டையும் ஒன்றாக்கிவிடும். இறந்தகாலப் பெயரெச்சம் அப்படியே நிற்க வேண்டும்.

– பீஷான்

வற்றிய கரிமம் எனக்குச் சரி. சுண்டைக்காய் வற்றலை நினைப்பவர்கள் நினைக்கட்டும், பாதகமில்லை. அதிலும் நீர்தான் போகிறது, காய் நிற்கிறது.

எதிர்ப்பக்கச் சொல்லையும் இப்போதே முடித்துவிடலாம். 'மாடர்ன் கார்பன்' புதுக்கரிமம். ஆனால் 'பாம் கார்பன்' அதிலிருந்து வேறு, தனிச்சொல் வேண்டும். அணுகுண்டுச் சோதனைகளால் 1960களின் நடுவில் வளிமண்டலக் கரி 14 ஏறத்தாழ இரட்டிப்பானது. அந்த ஆண்டுகளில் விளைந்த அரிசியில் காய்ச்சிய கஞ்சி 5 விழுக்காடு இருந்தால், 30 ஆண்டு என்று மேலே சொன்னேனே, அது 300, 400 ஆண்டு ஆகிவிடும். 'குண்டுக்கரிமம்' என்று வைக்கலாம்.

– ஜூரோங்

நன்றி. வற்றிய கரிமம், புதுக்கரிமம், குண்டுக்கரிமம், முன்கழுவல் நான்கையும் எடுத்துக்கொள்கிறேன்.

கையேட்டில் இன்னும் இரண்டு இடம். 'பிபி' என்பதற்கு 'இன்றைக்கு முன்' என்று இருந்தது. இந்த 'இன்று' 1950 என்று வழிகாட்டிக்கே தெரியாவிட்டால் பார்வையாளருக்கு எப்படித் தெரியும்? '1950க்கு முன்' என்றே போட்டுவிட்டேன்.

மற்றது 'கேலிபிரேஷன்'. 'அளவுத்திருத்தம்' என்றால் கருவி பழுது, சரிசெய்தார்கள் என்று தோன்றுகிறது. நடப்பது கரிம வயதை மரவளைய வளைகோட்டில் வைத்து நாட்காட்டி ஆண்டாக மாற்றுவது. 'ஆண்டுமாற்றம்' என்கிறேன், மறுப்பிருந்தால் சொல்லுங்கள். இந்தச் சொல் இங்கே முக்கியம். வளைகோடு கி.மு. 800 முதல் 400 வரை கிட்டத்தட்டத் தட்டையாகக் கிடப்பதால், அந்தக் காலத்துப் பொருளுக்குக் கருவி எவ்வளவு துல்லியமாக எண்ணினாலும் ஆண்டு பரந்துதான் வரும். கி.பி. 1650க்குப் பின் வளைகோடு மேலும் கீழுமாக நெளிகிறது. தென்கிழக்காசியச் சந்தைக்காகச் சோழமண்டலக் கரையில் சாயமிட்ட 18ஆம் நூற்றாண்டுத் துணிக்கு இந்த முறை 17, 18, 19 என்று மூன்று நூற்றாண்டையும் விடையாகத் தரக்கூடும். அவற்றுக்குச் சாயத்தையும் வேலைப்பாட்டையும் பார்ப்பதுதான் வழி. சுலாவெசியில் தோராஜா மக்கள் காத்துவந்த குஜராத்துத் துணிகளில் சில 14ஆம் நூற்றாண்டு என்று காட்ட முடிந்தது அவை வளைகோட்டின் நல்ல பகுதியில் விழுந்ததால்தான்.

பலகை வாசகம் இப்போது இப்படி:

"இத்துணியின் வயது, பருத்தி விளைந்த ஆண்டைக் குறிக்கும், நெய்த நாளை அல்ல. பழுதுபார்க்கப் பூசிய பசையில் வற்றிய கரிமம் (கரி 14 முழுதும் தீர்ந்துபோன கரிமம்) உண்டு. அது எஞ்சியிருந்தால் துணி உண்மையைவிடப் பழையதாகத் தோன்றும். ஆகவே பசை படாத பாவு நூலை எடுத்து முன்கழுவல் செய்து அளந்தனர்."

அடைப்புக்குள் உள்ள விளக்கம் முதல் பலகையில் மட்டும். 'தீர்ந்துபோன' என்பதற்குப் பதில் 'வடிந்துபோன' போடலாமா என்று மட்டும் பீஷான் நண்பர் சொல்லட்டும், அச்சுக்கு அனுப்பிவிடுகிறேன்.

– தெம்பனிஸ்

தீர்ந்துபோன என்பதே இருக்கட்டும். வடிந்தால் வேறெங்கோ போய்ச் சேர்ந்தது என்று ஆகிவிடும்.

– பீஷான்