மாண்ட்கோமரியில ஒரு வருசம் பஸ்சுல ஏறாம எப்படித் தாக்குப்பிடிச்சாவ?

பொருநைக்கரை:
வணக்கம் மக்கா. அம்பாசமுத்திரம் பக்கம் எங்க ஊர் நூலகத்துல ஞாயித்துக்கெழம பிள்ளையளுக்கு வாசிப்பு வட்டம் நடத்துதோம், இந்த மாசம் அமெரிக்காவுல கறுப்பின மக்களோட உரிமைப் போராட்டம். மாண்ட்கோமரி நகரத்துல ரோசா பார்க்ஸ்ங்கற கறுப்பினப் பொம்பள வெள்ளக்காரருக்காவ பஸ் சீட்ட விட்டு எந்திரிக்க மாட்டேன்னாவ, 1955 டிசம்பர் 1 கைது பண்ணுனாவ, கறுப்பின மக்க பஸ்சுல ஏற மாட்டோம்னு போராடுனாவ, மார்ட்டின் லூதர் கிங் வந்தாரு, ஜெயிச்சாச்சுன்னு தான் எங்க பாத்தாலும் எழுதியிருக்கு. ஒரு பிள்ள எந்திரிச்சு, "சார், 381 நாள் பஸ்சுல ஏறலன்னா வேலைக்கு எப்படிப் போனாவ? எங்கம்மா ரெண்டு நாள் பீடி சுத்தலன்னாலே வீட்ல கஷ்டமாயிருமே"ன்னு கேட்டுட்டா. இன்னொருத்தன், "தீண்டாமைய ஒழிச்சு சட்டம் எப்பமோ வந்துட்டே, பொறவு ஏன் 2023-ல நாங்குநேரியில அந்தப் பட்டியலின மாணவன வீடு புகுந்து வெட்டுனானுவ"ங்கான். வெவரம் தெரிஞ்சவிய சொல்லுங்க.

குறுக்குத்துறை:
அண்ணாச்சி, அந்தப் பிள்ள கேட்டதுதான் விசயமே. கிங்குக்கு அப்ப 26 வயசு. போராட்டத்தச் சொமந்தது வெள்ளக்காரங்க வீட்டுக்குச் சமைக்க, துணி தொவைக்கப் போன பொம்பளைய. கைது நடந்த அன்னைக்கு ராத்திரியே ஜோ ஆன் ராபின்சன்னு ஒரு காலேஜ் பேராசிரியை, காலேஜ் மெசின்லயே உக்காந்து ஆயிரக்கணக்குல நோட்டீஸ் அடிச்சு, விடிஞ்சதும் ஊரெல்லாம் குடுக்க ஏற்பாடு பண்ணிட்டாவ. பஸ்சுல போறவங்கள்ல முக்காவாசி கறுப்பினத்தவங்க தான், அதனால பஸ் காலியா ஓடுச்சு. மொதல்ல கறுப்பின டாக்சிக்காரங்க பஸ் டிக்கெட் காசு 10 சென்ட் மட்டும் வாங்கிட்டு ஏத்துனாவ, கொறஞ்சது 45 சென்ட் வாங்கணும்னு நகராட்சி அத முடக்கிட்டு. உடனே சொந்தக் கார் வச்சிருந்தவிய சேந்து முந்நூறு கார் வரைக்கும் விட்டாவ, ஏற எறங்க நாப்பது எடத்துக்கு மேல குறிச்சி வச்சு. எதிராளிய கார் இன்சூரன்ச ரத்து பண்ண வச்சாவ, இவிய லண்டன்ல இருந்து வேற இன்சூரன்ஸ் எடுத்தாவ. 1956 பிப்ரவரியில கிங்கையும் சேத்து 89 பேர் மேல கேசு. அப்பவும் நிக்கல.

பெட்ரோலுக்குக் காசு? ஜார்ஜியா கில்மோர்னு ஒரு சமையக்காரம்மா, கோர்ட்டுல சாட்சி சொன்னதுக்கு வேலையப் பறிச்சிட்டாவ. அவிய வீட்லயே கோழி வறுத்து, 'பை'ங்கற இனிப்புப் பலகாரம் சுட்டு, மத்த பொம்பளையளயும் சேத்து வித்து வாராவாரம் கூட்டத்துல கொண்டு போயி காசக் கட்டுவாவ. சமைச்சது யாரு, வாங்குனது யாருன்னு வெளிய சொல்ல மாட்டாவ, சொன்னா அவியளுக்கும் வேல போயிரும்லா. மிச்சப் பேரு நடந்தாவ, மழையிலயும் தான்.

ராதாபுரம் செவக்காடு:
எல்லாஞ் சரி, ஆனா நிறவெறியும் சாதியும் ஒண்ணேதான்னு பிள்ளையளுக்குச் சொல்லிராதிய. அங்க பஸ்சுல யாரு எங்க உக்காரணும்னு சட்டமே எழுதி வச்சிருந்துச்சு, அத ஒடைக்கணும். இங்க 1950-லயே அரசியல் சட்டம் 17-வது பிரிவுல தீண்டாமைய ஒழிச்சாச்சு, மாண்ட்கோமரி நடந்த அதே 1955-ல தண்டிக்கவும் சட்டம் போட்டாச்சு. நம்ம சண்ட வேற சண்ட, சட்டத்த ஊருக்குள்ள கொண்டுவார சண்ட.

கல்லிடை டீச்சர்:
வித்தியாசம் உண்டு தம்பி, பந்தியில வித்தியாசம் இல்லய்யா. 1960-ல கிரீன்ஸ்பரோவுல நாலு மாணவங்க ஓட்டல் கவுண்டர்ல காப்பி கேட்டு, தரலன்னதும் எந்திரிக்காம உக்காந்தது பெரிய வரலாறு. நம்ம சேரன்மாதேவி குருகுலத்துல 1920-கள்லயே அந்தப் பிரச்சன வந்துட்டு, காங்கிரஸ் காசுல நடந்த எடத்துல பிராமணப் பையங்களுக்குத் தனியாச் சாப்பாடு போட்டாவ, வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதுத்து நின்னாவ. அம்பைக்கும் சேரன்மாதேவிக்கும் எத்தன தூரம், பிள்ளையளக் கூட்டிட்டுப் போயி அங்கனயே வச்சுச் சொல்லுங்க.

நான் வகுப்புல தெனம் பாக்கது கயிறு. ஒவ்வொரு கலருக்கும் ஒரு சாதி. புதுசா ஒரு பையன் வந்தா மொதல்ல மத்தவனுவ கண்ணு அவன் மணிக்கட்டுக்குத்தான் போவும், கயிறு இல்லாதவன் ரெண்டு வாரத்துல யார் பக்கமாவது ஒதுங்கிருதான். தோல் நிறம் அங்க பிறக்கும்போதே தெரியுது, இங்க தெரியாதத தெரியணும்னு வாங்கிக் கட்டிக்கிடுதானுவ, அதான் எனக்கு நெஞ்சு ஆறல. நாங்குநேரி சம்பவத்துக்குப் பொறவு அரசு அமைச்ச நீதியரசர் சந்துரு கமிட்டி 2024-ல குடுத்த அறிக்கையில இந்தக் கயிற நிறுத்தணும், பேரோட அகர வரிசைப்படி பெஞ்சுல உக்கார வைக்கணும்னு இருக்கு. பெஞ்ச நான் மாத்திட்டேன், ஒரு பெத்தவரு வந்து சத்தம் போட்டாரு, இருந்தாலும் மாத்துனது மாத்துனது தான்.

டல்லாஸ் நெல்லையான்:
ஜெயிச்சாச்சுன்னு மட்டும் சொல்லி முடிக்காதிய. 1965-ல செல்மா ஊர்ல ஓட்டுரிமை கேட்டு ஊர்வலம் போனவிய அடி வாங்கித்தான் வாக்குரிமைச் சட்டம் வந்துச்சு, 2013-ல சுப்ரீம் கோர்ட்டு அதோட முக்கியமான பல்லப் புடுங்கிட்டு. பழைய பாகுபாடு இருந்த மாநிலங்க தேர்தல் விதிய மாத்தணும்னா முன்கூட்டியே அனுமதி வாங்கணும்ங்கது நின்னு போச்சு. இங்க சியாட்டில் நகரம் 2023-ல சாதிப் பாகுபாட்டுக்கும் தட போட்டுருக்கு, நம்மாளுக சாதியையும் சூட்கேஸ்ல கொண்டாந்ததால தான்.

பாளை வக்கீல்:
ரெண்டாவது பையனுக்கு என் பதில். மாண்ட்கோமரி பஸ்ச மாத்துனது கடைசியில ஒரு கேசு, அதுல நின்னது நாலு பொம்பளைய. அதுல கிளாடெட் கால்வின் பார்க்சுக்கு ஒம்பது மாசம் முன்னயே 15 வயசுல கைதான பிள்ள. அஞ்சாவதா ஒரு அம்மா கையெழுத்துப் போட்டுட்டு, மெரட்டுனதால விலகிட்டாவ. நம்ம கோர்ட்டுலயும் அதேதான் நடக்கு: வன்கொடுமை கேசுல சாட்சி, எதிரி தோட்டத்துலயே கூலிக்குப் போறவரா இருப்பாரு, ரெண்டு வருசம் கழிச்சு கூண்டுல ஏறும்போது "நான் பாக்கல"ம்பாரு, அவர நான் குத்தம் சொல்ல மாட்டேன். பட்டியலினத்தவங்க, பழங்குடியினர் மேல நடக்க வன்கொடுமையத் தடுக்க போட்ட 1989 சட்டத்துல 2015-ல திருத்தம் கொண்டாந்து, பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பாதுகாப்பு, போக்குவரத்துச் செலவு, பராமரிப்புச் செலவு எல்லாம் அரசாங்கம் குடுக்கணும்னு தனி அத்தியாயமே சேத்துருக்கு. கேட்டு வாங்குற ஆள் கொறவு. வட்டத்துல அத வாசிங்க, நகல் நான் எடுத்துட்டு வாறேன், ஞாயித்துக்கெழம எத்தன மணிக்குன்னு மட்டும் சொல்லுங்க அண்ணாச்சி.