பிள்ளைக்கு வைக்கும் பெயரில் அரசு தலையிடலாமா?

வினா

எனக்கு நெருக்கமான ஒரு தம்பதியர், பிறக்கப்போகும் தங்கள் குழந்தைக்கு எழுத்துகளோடு ஓர் எண்ணையும் சேர்த்து, உலகில் வேறெவருக்கும் இருக்க முடியாத பெயரொன்றைச் சூட்ட முடிவு செய்திருக்கிறார்கள். அந்தப் பெயரை இங்கே வெளியிடுவது முறையன்று. பள்ளிக்கூடத்தில் அந்தப் பிள்ளை என்ன பாடுபடும் என்று கேட்டேன். "எங்கள் பிள்ளை, எங்கள் விருப்பம்" என்றார்கள். அதோடு பேச்சு முடிந்துபோனது. வீடு திரும்பிய பிறகும் அந்த விடை என்னை விடவில்லை. பிள்ளை அவர்களுடையதுதான், பெயர் யாருடையது? வைப்பவர்களுக்கு அது ஒரு நாள் வேலை. சுமப்பவருக்கோ ஆயுள் முழுவதும் கூடவே வருவது. அவருடைய ஒப்புதலை மட்டும் கேட்க வழியில்லை.

நியூசிலாந்தில் நடந்த ஒரு வழக்கு 2008ஆம் ஆண்டில் வெளியுலகுக்குத் தெரியவந்தது. 'தலூலா டஸ் த ஹூலா ஃப்ரம் ஹவாய்' என்பது ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியின் பதிவுப் பெயர். ஹவாயிலிருந்து வந்து ஹூலா நடனம் ஆடுகிறாள் தலூலா என்ற ஒரு முழு வாக்கியத்தையே பெயராக வைத்துவிட்டார்கள். அவள் அதைத் தன் தோழிகளிடம்கூடச் சொல்லாமல், 'கே' என்று மட்டும் அழைக்கச் சொல்லியிருந்தாள். வேறு பெயர் வைப்பதற்கு வழிசெய்யும் பொருட்டு, குடும்ப நீதிமன்ற நீதிபதி அந்தச் சிறுமியைச் சிறிது காலம் நீதிமன்றத்தின் காப்பில் எடுத்துக்கொண்டார்.

ஒன்பது ஆண்டுகள் கழித்து நீதிபதி வந்து சரிசெய்வதைவிட, பதிவாளரே முதல் நாளில் மறுத்திருக்கலாமே என்று என் மனம் சொல்கிறது. ஆனால் எந்தப் பெயர் வழக்கத்துக்கு மாறானது என்று முடிவு செய்யும் அதிகாரத்தை யாரிடம் கொடுப்பது என்று எண்ணும்போது தயக்கம் வருகிறது. உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

மறுமொழி 1

சட்டம் படித்தவன் என்ற முறையில், தலையீடு தேவை என்ற பக்கத்தில்தான் நிற்கிறேன். ஆனால் எந்தக் கட்டத்தில் தலையிடுவது என்பதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது.

முன்கூட்டியே பட்டியல் போட்டுக் காக்கும் முறைக்கு ஐஸ்லாந்து எடுத்துக்காட்டு. அங்கே 1991ஆம் ஆண்டு முதல் பெயர்க் குழு ஒன்று இயங்கிவருகிறது. ஏற்கப்பட்ட பெயர்களின் பதிவேட்டில் இல்லாத பெயரைச் சூட்ட வேண்டுமானால் அந்தக் குழுவின் இசைவு வேண்டும். குழு முதலில் பார்ப்பது அந்தப் பெயர் ஐஸ்லாந்து மொழியின் வேற்றுமை உருபை ஏற்குமா, அதன் எழுத்து முறைக்கு ஒத்துவருமா என்பதை. பிள்ளைக்குச் சங்கடம் தருமா என்ற கேள்வியும் சட்டத்தில் உண்டு என்றாலும், இலக்கணம்தான் அங்கே வாயிற்காவலன். இதன் விளைவு என்ன ஆயிற்று என்றால், 'பிளைர்' என்ற அழகிய பெயர் சூட்டப்பட்ட ஒரு சிறுமி, அந்தச் சொல் ஆண்பாற்சொல் என்ற ஒரே காரணத்தால், அரசு ஆவணங்களில் பல ஆண்டுகள் வெறும் 'சிறுமி' என்றே குறிக்கப்பட்டாள். மென்காற்று என்பது அந்தப் பெயரின் பொருள். 2013 ஜனவரியில் ரெய்க்யவிக் மாவட்ட நீதிமன்றம் அவள் பக்கம் தீர்ப்பளித்தது. 2019ஆம் ஆண்டுச் சட்டம் ஆண் பெயர், பெண் பெயர் என்ற கட்டுப்பாட்டையே நீக்கிவிட்டது. மொழியைக் காக்கும் நோக்கத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் பிள்ளைக்குத் தீங்கு செய்யாத ஒரு பெயரைப் பிள்ளையிடமிருந்து பறித்ததற்கு இலக்கணம் போதுமான காரணம் ஆகாது.

பிரான்சு வேறு வழியில் வந்தது. 1803ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நாட்காட்டிகளில் உள்ள பெயர்களையும் பழைய வரலாற்று மாந்தரின் பெயர்களையும் மட்டுமே சூட்டலாம் என்ற விதி அங்கே இருந்தது. நடைமுறையில் காலப்போக்கில் தளர்ந்தாலும், 1993இல்தான் அது சட்டப் புத்தகத்திலிருந்து அகன்றது. இப்போது பதிவாளர் எந்தப் பெயரையும் மறுக்க முடியாது. பதிவு செய்துகொண்டு, பிள்ளையின் நலனுக்கு எதிரானது என்று தோன்றினால் அரசு வழக்கறிஞருக்குத் தெரிவிக்கலாம். அவர் குடும்ப நீதிபதியிடம் கொண்டுபோகலாம். 'நுட்டெல்லா' என்று ஒரு பண்டத்தின் வணிகப் பெயரைப் பெண் குழந்தைக்குச் சூட்டிய வழக்கில், அந்தப் பெயர் கேலிக்கு இடம் தரும் என்று கூறி நீதிபதி 'எல்லா' என்று மாற்றினார். பெயரை அடியோடு அழிக்காமல் அதன் வாலை மட்டும் விட்டுவைத்த அந்தத் தீர்ப்பில் எனக்கு ஒரு மரியாதை உண்டு.

வினா எழுப்பியவருக்கு என் விடை இதுதான்: பதிவாளரிடம் மறுக்கும் அதிகாரத்தைக் கொடுக்காதீர்கள், நீதிமன்றத்தின் கதவை அடைத்தும் வைக்காதீர்கள்.

மறுமொழி 2

மேலே எழுதிய நண்பர் பிரான்சையும் ஐஸ்லாந்தையும் காட்டினார். பெயர்ச் சட்டங்களின் வரலாற்றில் அவை சாதுவான பக்கங்கள். மற்றப் பக்கங்களையும் புரட்ட வேண்டும்.

நாஜி ஜெர்மனியில் 1938 ஆகஸ்டில் ஓர் ஆணை பிறந்தது. அரசு வெளியிட்ட பட்டியலில் உள்ள பெயரைக் கொண்டிராத யூத ஆண்கள் 'இஸ்ரேல்' என்றும், பெண்கள் 'சாரா' என்றும் 1939 ஜனவரி முதல் தங்கள் பெயரோடு சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றது அது. பல்கேரியாவில் 1984–85 குளிர்காலத்தில் துருக்கிய இனத்தவரின் பெயர்கள் காவல்துறையின் துணையோடு பல்கேரியப் பெயர்களாக மாற்றப்பட்டன. இறந்தவர்களின் பெயர்கள்கூடத் தப்பவில்லை. 1989இல் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்நாட்டை விட்டுத் துருக்கிக்குச் சென்றதற்கு அந்த ஒடுக்குமுறை முதன்மைக் காரணம். உய்குர் முஸ்லிம்கள் வாழும் சின்ச்சியாங்கில் 'இஸ்லாம்', 'மெக்கா', 'மதினா' போன்ற பெயர்களைக் குழந்தைகளுக்குச் சூட்டுவதற்குச் சீன அதிகாரிகள் தடை விதித்ததாக 2017இல் செய்திகள் வந்தன. இந்த அரசுகள் எதுவும் 'நாங்கள் ஒரு மக்கள் கூட்டத்தை ஒடுக்குகிறோம்' என்று சொல்லிக்கொண்டு தொடங்கவில்லை. ஒழுங்கு, ஒற்றுமை, தீவிரவாதத்துக்கு எதிரான நடவடிக்கை என்று ஏதோ ஒரு கண்ணியமான சொல் எப்போதும் முன்னால் நின்றது.

கொடுங்கோல் அரசுகளைக் காட்டி மக்களாட்சி நாடுகளை மிரட்டக் கூடாது என்று மறுமொழி வரலாம். சரி, துருக்கிக்கு வாருங்கள். குர்து மொழிப் பெயர்களில் வரும் 'கியூ', 'டபிள்யூ', 'எக்ஸ்' ஆகிய எழுத்துகள் துருக்கிய நெடுங்கணக்கில் இல்லை என்பதற்காக அந்தப் பெயர்களை உரிய எழுத்துகளோடு பதிய மறுத்தார்கள். வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனது. 2010இல் அந்த நீதிமன்றமும் இதில் உரிமை மீறல் இல்லை என்றே சொன்னது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 2013இல் நடந்ததும் நினைவிருக்கலாம். 'மெசையா' (மீட்பர்) என்ற குழந்தையின் பெற்றோர் குடும்பப் பெயர் குறித்துத்தான் வழக்குக்கு வந்தார்கள்; விசாரித்த நீதித்துறை அலுவலரோ, அந்தப் பட்டம் இயேசு ஒருவருக்கே உரியது என்று கூறி, யாரும் கேளாமலே முதற்பெயரை 'மார்ட்டின்' என்று மாற்றினார். மேல் நீதிமன்றம் அதைத் தள்ளியது. பிள்ளையின் நலன் கருதியே செய்ததாகத்தான் அவரும் சொன்னார்.

'வழக்கத்துக்கு மாறான' என்ற சொல்லையே சற்று உற்றுப் பாருங்கள். யாருடைய வழக்கம்? நமக்கு நன்கு பழகிய 'கிரண்' என்ற பெயரையே ஜெர்மன் அதிகாரிகள் ஒரு பெண் குழந்தைக்கு ஏற்க மறுத்தார்கள். ஆணா பெண்ணா என்று பெயரிலிருந்து தெரியவில்லை என்பது குறை. 2008இல் அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம், பெயர் பாலைக் காட்டித்தான் ஆக வேண்டும் என்று சட்டம் எதுவும் கேட்கவில்லை எனத் தெளிவாக்கியது. அதுவரை அலைந்த அலைச்சலை யார் திருப்பிக் கொடுப்பார்கள்?

பள்ளியில் கேலி செய்வார்கள் என்ற வாதமும் எனக்கு உவப்பானதல்ல. 2004இல் அமெரிக்கப் பொருளியலாளர்கள் இருவர் வெளியிட்ட ஆய்வில், ஒரே தரமான வேலை விண்ணப்பங்களுக்கு வெள்ளையர் பெயரையும் கறுப்பினத்தவர் பெயரையும் மாற்றி மாற்றி இட்டு அனுப்பினார்கள்; வெள்ளையர் பெயர் இருந்தவற்றுக்கு நேர்காணல் அழைப்பு ஏறத்தாழ 50 விழுக்காடு மிகுதியாக வந்தது. இதைப் படித்துவிட்டுக் கறுப்பினப் பெயர்களைத் தடை செய்யலாம் என்று யாராவது சொல்வோமா? கேலி செய்பவனைத் திருத்தாமல் கேலிக்கு ஆளானவனின் பெயரைத் திருத்துவதும் அதே வகைதான்.

மறுமொழி 3

பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும் பணியில் சில ஆண்டுகள் இருந்தவள் நான். உரிமை, நலன் என்ற உயரத்திலிருந்து சற்றுக் கீழே இறங்கி ஒன்று சொல்கிறேன். பெயரின் பொருளைக் கட்டுப்படுத்துவது வேறு, அது எழுதப்படும் முறையைக் கட்டுப்படுத்துவது வேறு. இரண்டாவதை எல்லா அரசுகளும் ஏதோ ஓர் அளவில் செய்கின்றன. செய்யாமல் பதிவேடு நடத்த முடியாது. ஜப்பானில் பெயருக்குப் பயன்படுத்தத்தக்க 'காஞ்சி' எனும் சீன வழி எழுத்துகள் 2,999 என்று வரையறை உண்டு. எழுத்து ஒன்று, அதைப் படிக்கும் ஒலி முற்றிலும் வேறொன்று என்று பெற்றோர் கற்பனையை ஓடவிட்டதால், 2025 மே மாதம் முதல், படிக்கும் முறையையும் குடும்பப் பதிவேட்டில் குறிக்க வேண்டும், அது பொதுவாக ஏற்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்று விதித்துவிட்டார்கள். சுவீடனில் 1996இல் ஒரு பெற்றோர், பெயர் பதியாததற்காக 5,000 குரோனர் தண்டம் விதிக்கப்பட்ட கோபத்தில், நாற்பதுக்கும் மேற்பட்ட எழுத்துகளும் எண்களும் கலந்த ஒரு கோவையைப் பெயராகத் தந்து, அதை 'ஆல்பின்' என்று உச்சரிக்க வேண்டும் என்றார்கள். மறுத்துவிட்டார்கள். அந்த மறுப்பில் எந்த ஒடுக்குமுறையும் எனக்குத் தெரியவில்லை.

படிவத்தின் கட்டத்தில் அடங்காத பெயர் ஓர் ஆவணத்தில் ஒரு மாதிரியும் மற்றோர் ஆவணத்தில் வேறு மாதிரியும் வெட்டுப்படும்; பிறகு இரண்டும் ஒரே ஆள்தான் என்று மெய்ப்பிக்கவே அந்த மனிதர் ஆண்டுக்கணக்கில் நடப்பார். எண் கலந்த பெயரை வைக்கப்போகும் தம்பதியரிடம் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

மறுமொழி 4

அப்படி ஒரு பெயரைச் சுமந்தவன் யாரும் இன்னும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன். என் தந்தை தாம் உயிராய் மதித்த ஓர் இயக்கத்தின் முழக்கத்தையே எனக்குப் பெயராக வைத்தார். நான்கு சொற்கள். பள்ளியில் வருகை எடுக்கும்போது ஆசிரியர் மூன்றாம் சொல்லுக்கு வருவதற்குள் வகுப்பு முழுவதும் அதை முழங்கி முடித்திருக்கும். கேலி வலித்தது, ஆனால் அது பதினைந்து வயதோடு ஓய்ந்தது. ஓயாதது வேறு. பெயரைக் கேட்ட எவரும் என் அரசியல் என்னவென்று முடிவு கட்டிக்கொண்டே பேசத் தொடங்கினார்கள். நான் வாய் திறக்கும் முன்பே என் தந்தை எனக்காகப் பேசி முடித்திருந்தார்.

மாற்றலாம் என்று போனால், ஓர் அலுவலகத்தில் மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். 'போதுமான காரணம் இல்லை' என்றார் அங்கிருந்தவர். நான்கு சொற்களையும் வாய்விட்டு உரக்கப் படித்துக் காட்டச் சொன்னேன். அவர் படிக்கவில்லை, ஆனால் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார்.

கடைசியில் மூன்று சொற்களை விட்டுவிட்டு ஒன்றை வைத்துக்கொண்டேன். அது எனக்குப் பிடித்திருந்தது. தந்தைக்கும் ஒன்றாவது மிஞ்சியது. பிறக்கும்போது யாராவது குறுக்கே வந்து தடுத்திருந்தால் அந்த ஒரு சொல்லும் இருந்திருக்காது. ஆகவே அரசு தடுக்க வேண்டும் என்று நான் கேட்கமாட்டேன். பன்னிரண்டு வயதில் ஒரு முறை, பெற்றோர் கையொப்பம் இல்லாமல், காரணம் கேளாமல், கட்டணம் வாங்காமல் பெயரை மாற்றிக்கொள்ள விடுங்கள் என்றுதான் கேட்பேன்.

மறுமொழி 1 (மீண்டும்)

மறுமொழி 2இல் உள்ள வரலாற்றுக்கு என்னிடம் மறுப்பு இல்லை. ஆனால் பன்னிரண்டு வயது வரை காத்திருக்க முடியாத பெயர்களும் உண்டு. 2016இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம், வேல்ஸைச் சேர்ந்த ஒரு தாய் தம் பெண் குழந்தைக்குச் 'சயனைடு' என்று பெயரிடுவதைத் தடுத்தது. இட்லரைக் கொன்ற பொருள் என்பதால் அது நல்ல பெயர் என்பது தாயின் வாதம். அந்தக் குழந்தையிடம், 'பன்னிரண்டு வயது வரை பொறுத்துக்கொள்' என்று நான் சொல்லமாட்டேன்.

மறுமொழி 2 (மீண்டும்)

அந்த ஒரு வழக்கில் நானும் சொல்லமாட்டேன். ஆனால் அந்த நீதிமன்றமே அத்தகைய தலையீடு மிக அரிதாகத்தான் நிகழ வேண்டும் என்றது. அந்த 'அரிதாக' என்ற சொல்லைச் சட்டத்தில் எழுதிக் கொடுத்தால் எனக்குப் போதும்.

வினா எழுப்பியவர்

அனைவருக்கும் நன்றி. மறுமொழி 4ஐ அப்படியே அந்தத் தம்பதியரிடம் படித்துக் காட்டினேன். இருவரும் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, பதிவுப் படிவத்தில் எண்ணை ஏற்காவிட்டால் அதை எழுத்தால் எழுதிக்கொடுக்கலாமா என்று மட்டும் கேட்டார்கள்.

மறுமொழி 3 (மீண்டும்)

2020இல் எலான் மஸ்க் தம் மகனுக்கு '12' என்ற எண்ணோடு முடியும் பெயரை அறிவித்தார். கலிபோர்னியாவின் பதிவு விதி எண்களை ஏற்பதில்லை என்பதால், பிறகு அந்த 12ஐ ரோமன் எண்ணாக, அதாவது எழுத்துகளாகவே, மாற்றிக்கொண்டார்கள். இதை அந்தத் தம்பதியரிடம் சொல்வதா வேண்டாமா என்பதை உங்கள் முடிவுக்கே விட்டுவிடுகிறேன்.