அச்சம், குமட்டல், விழுகை: மொத்தமாக எத்தனை புள்ளி கழியும்?

வெள்ளவத்தை வாள்வீரன்:
கடந்த போயா விடுமுறையன்று நண்பர் வீட்டில், பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டான பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்பை விளையாடினோம். அச்சம் 2, குமட்டல் 1 (எண் அதன் கடுமை) ஆகிய இரண்டும் பிடித்து, போதாக்குறைக்குத் தரையிலும் விழுந்து கிடந்த என் வீரன், தனக்கு வந்த ஒரே ஆட்டமுறைக்குள் இரண்டாவது தடவையாக வாளை வீசினான். 20 முகப் பகடையில் 16 விழுந்தது. தாக்குதல் கூட்டல் 14. எதிரியின் கவச எண், அதாவது அடி பட எட்ட வேண்டிய எண், 21. ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் அச்சத்துக்கு 2, குமட்டலுக்கு 1, விழுகைக்கு 2, இரண்டாவது வீச்சுக்கு 5 என எல்லாத் தண்டப்புள்ளிகளையும் சேர்த்து 10 ஐக் கழித்து, 20 தான் வருகிறது, அடி தவறிவிட்டது என்றார். இது சரிதானா?

பழைய பகடை:
சரியில்லை, தம்பி; அடி பட்டிருக்கிறது. 2019 இல் வந்த இப்பதிப்பில் தண்டப்புள்ளியின் அளவைப் பார்க்குமுன் அதன் வகையைப் பார்க்க வேண்டும். ஸ்டேட்டஸ் (உடல், மன நிலை), சர்க்கம்ஸ்டன்ஸ் (சூழ்நிலை), ஐட்டம் (பொருள்) என்ற மூன்று வகைகளில், ஒரே வகைக்குள் எத்தனை வந்து சேர்ந்தாலும் மிக மோசமான ஒன்று மட்டுமே கழியும். அச்சமும் குமட்டலும் ஸ்டேட்டஸ் வகையைச் சேர்ந்தவை என்பதால் 2 இற்குள் 1 அடங்கிவிடும். விழுந்து கிடப்பதற்கான 2 சர்க்கம்ஸ்டன்ஸ் வகை. அது தனியே கழியும். இரண்டாவது வீச்சுக்கான 5 எந்த வகையிலும் சேராதது. வகையற்றவை யாவும் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறும். ஆகவே கழிய வேண்டியது 9. 30 இல் 9 போக 21. கவச எண்ணைத் தொட்டாலே போதும்.

கொட்டாஞ்சேனைக் கணக்கன்:
கேம் மாஸ்டரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. இதே வகை விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 3.5 பதிப்பில் பழகியவர் என்றால் கை தானாகவே கூட்டத் தொடங்கிவிடும். அங்கே அச்ச நடுக்கத்துக்கு 2, குமட்டலுக்கு 2, தாக்குதலில் மொத்தம் 4 கழியும். அதே விளையாட்டின் 2014 ஐந்தாம் பதிப்போ நேரெதிர்: அச்சமும் நஞ்சும் ஒருங்கே பிடித்தாலும் இரண்டு பகடைகளை உருட்டிச் சிறியதை எடுப்பதோடு சரி, மூன்றாவது பகடை கிடையாது.

வெள்ளவத்தை வாள்வீரன்:
நன்றி, அண்ணா. அப்படியானால் அச்சம் 2 இருக்கும்வரை குமட்டலைக் கவனிக்காமலே விடலாமா?

பழைய பகடை:
தாக்குதல் கணக்கை மட்டும் பார்த்தால் விடலாம். ஆனால் அடங்கிய 1 அழிந்துவிடவில்லை. அச்சம் உங்கள் முறை முடியும்போதெல்லாம் தானாக ஒன்று குறையும். குமட்டல் அப்படிக் குறையாது, ஒரு முறையில் கிடைக்கும் செயல்களில் ஒன்றைச் செலவிட்டு வாந்தியெடுத்து, உடலுறுதிச் சோதனையில் தேறினால்தான் இறங்கும். இரண்டு முறைகள் கழிந்து அச்சம் முழுதாக நீங்கியதும், மறைந்திருந்த அந்த 1 மீண்டும் கணக்கில் ஏறும். அதைவிட முக்கியமானது, குமட்டல் இருக்கும்வரை வீரன் தானாக எதையும் விழுங்க முடியாது. குணமாக்கும் மருந்துப் போத்தலும் அதில் அடங்கும். மேசையில் நீங்கள் வடை சாப்பிடலாம், அவனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. உயிர்ப்புள்ளி குறைவாக இருந்து, கையில் போத்தல் மட்டுமே மிஞ்சியிருந்தால், கணக்கில் ஒரு புள்ளியும் மாறாவிட்டாலும் அந்தச் செயலை வாந்திக்கே கொடுங்கள்.