மலைப்பாதைப் பலகையில பனிக்கரடி எதுக்கு?

அஸ்தம்பட்டி_செல்வம்:
போன ஞாயிறு பிள்ளைங்களோட ஏற்காடு ஏறினேன். நடுவழியில வண்டியை ஓரங்கட்டுற இடத்துல புதுசா ஒரு பலகை. "அழிந்துவரும் உயிரினங்கள்"னு தலைப்பு. கீழே பனிக்கரடி, பாண்டா, காண்டாமிருகம், புலி. மூலையில உயிருங்களை அஞ்சு பெரும்பிரிவா பிரிக்கிற ஐந்துலக வகைப்பாட்டு அட்டவணை: மொனிரா, புரோட்டிஸ்டா, பூஞ்சை, தாவரம், விலங்கு. 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிற ரோட்டுல ஏறி வந்தவன் பனிக்கரடியைத்தான் பாக்கணுமா? இந்த மலைக்குன்னு ஒண்ணுமே இல்லையா? அந்த அட்டவணையைப் பெயர்த்துட்டு நம்ம உயிருங்க படத்தைப் போடணும். வகைப்பாடெல்லாம் பரீட்சைக்கு மட்டும்தான் ஆகும்.

காப்பித்தோட்டத்தான்:
நம்ம மலைக்குன்னு காட்டெருமை இருக்குதுங்க. ராத்திரி பத்து உருப்படி வருது, பெரிய காளைன்னா ஒரு டன்கிட்ட தேறும். பலகையில படம் வேற வேணுமா? என் வேலியை வந்து பாருங்க.

ஆத்தூர்_டீச்சர்:
அது எருமையே இல்லீங்க. எருமை வேற பேரினம், அதாவது நெருங்கின இனங்களைச் சேர்த்து வெச்ச வேற தொகுதி. இது நம்ம வீட்டுப் பசு இருக்கிற பேரினத்தைச் சேர்ந்தது, 'காட்டுமாடு'ங்கிறதுதான் சரி. எந்த உயிருக்கு எவ்வளவு அழிவு ஆபத்துன்னு சொல்ற உலகச் சிவப்புப் பட்டியல்ல அழியக்கூடிய இனம்னுதான் போட்டிருக்கு. தோட்டத்துல கூட்டமா வருதுன்னா உலகம் முழுக்க நிறைய இருக்குன்னு ஆகிடாது.

செல்வம் தம்பி, வகைப்பாடு பரீட்சைக்கு மட்டும்தானா? உங்க வீட்டு அஞ்சறைப்பெட்டியில கல்பாசி இருக்குமே, அது தாவரமா? பேருல பாசி இருக்கு. ஆனா அது பூஞ்சையும் பாசியும் ஒரே உடம்பா சேர்ந்து வாழுறது. விட்டாக்கர்ங்கிற அறிவியலாளர் 1969ல போட்ட அஞ்சு பெட்டியில எதுலயும் முழுசா அடங்காது. பூஞ்சைங்க தாவரத்தைவிட விலங்குக்குத்தான் நெருங்கின சொந்தம். இதைச் சொன்னா என் வகுப்புல பிள்ளைங்க கல்பாசியை மோந்து பாக்குறாங்க, ஐந்துலகம் தானா மனசுல நிக்குது.

அஸ்தம்பட்டி_செல்வம்:
டீச்சர், பிரியாணி வாசனையில பாடம் எடுக்குறீங்க, சந்தோஷம். நான் கேட்டது வேற. ஒரு உயிரு எந்தப் பெட்டியில இருக்குன்னு தெரிஞ்சதால அது பொழைச்சிருக்கா?

பாறைப்பல்லி:
பொழைக்கிறதுக்கு முன்னாடி அது இருக்கிறதே தெரியணுமில்லீங்களா அண்ணா? ஏற்காட்டுப் பாறையில பகல்ல ஓடுற சின்னப் பல்லியைப் பாத்திருப்பீங்க. வீட்டுப் பல்லிக்குக் கண்ணுப் பாப்பா செங்குத்துக் கீறலா இருக்கும், விரல்ல ஒட்டுற திண்டு இருக்கும். இதுக்குப் பாப்பா வட்டம், திண்டு கிடையாது, வெறும் நகம். வாலை விட்டுட்டு அளந்தா சுண்டுவிரல் நீளம் தேறாது. இதுல ஒரு இனத்துக்கு 2000ல 'ஏற்காடு'ன்னே அறிவியல் பேரு வெச்சாங்க. 2019ல இதே மலையிலிருந்து இன்னும் ரெண்டு புது இனம், ஒண்ணு பேருல ஏற்காடு இருக்கிற மலையோட பேரான 'சேர்வராயன்' இருக்கு. அதுவரைக்கும் எல்லாமே நமக்கு 'பல்லி'. செதிலை எண்ணி, தொடையில இருக்கிற துளையை எண்ணித்தான் பிரிச்சாங்க. நீங்க பெயர்க்கச் சொல்ற அட்டவணையோட கடைசிக் கிளை அதுதான்.

அஸ்தம்பட்டி_செல்வம்:
அப்படியே போடுங்க பலகையில, "அழியும் ஏற்காட்டுப் பல்லி"ன்னு!

பாறைப்பல்லி:
அதுவும் தப்புண்ணா. புதுசா பேரு வெச்சா அழியுதுன்னு அர்த்தமில்ல. சின்ன இடத்துல மட்டும் இருக்கிறதும் அதுவே போதாது. பரப்பை வெச்சுச் சொல்றதுன்னா பரப்பு சின்னதா இருக்கணும், கூடவே வாழிடம் குறையுது, துண்டுபட்டுப் போச்சுங்கிற மாதிரி வேற ஆதாரமும் வேணும். ஆனா சேர்வராயன் மலை மொத்தமே சில நூறு சதுர கிலோமீட்டர்தான். அதுல பாறையை உடைச்சா, அந்த இடுக்குல முட்டை வெச்ச பல்லிக்கு அடுத்த பாறை எங்கே?

காப்பித்தோட்டத்தான்:
பல்லிக்கு இவ்வளவு பேசறீங்க. என் தோட்டத்துல நடந்ததைக் கேளுங்க. மழைக்கு அப்புறம் குழி எடுத்தப்ப ஒரு பாம்பு. விரல் தடிமன், தலை கூர்மை, வாலைக் கத்தியால சாய்ச்சு வெட்டின மாதிரி மொட்டை, அந்த மொட்டை மேல மண்ணு அப்பிக்கிட்டு. கையில எடுத்தா விரலைச் சுத்திக்குது, கடிக்கலை. வேலைக்கு வந்த பையன் ஒருத்தன் "மண்ணுளிக் குட்டி, லட்சத்துக்குப் போகும்"னு வாளியில போட்டு மூடி வெச்சுட்டான்.

பாறைப்பல்லி:
ஐயா, அது மண்ணுளியே இல்ல! மண்ணுக்குள்ளயே வாழுற கேடயவால் பாம்பு மாதிரி தெரியுது. மண்புழுதான் சாப்பாடு, விஷம் கிடையாது, முட்டையிடாம குட்டி போடும். சேர்வராயன் மலைக்கே உரியது ஒண்ணு இருக்கு, பெடோம்ங்கிற இயற்கை ஆய்வாளர் 1863ல பேரு வெச்சார். அப்புறம் மேற்குத் தொடர்ச்சி மலைப் பாம்போட ஒரே இனம்னு சேர்த்துட்டாங்க. 2014லதான் திரும்பத் தனியா பிரிச்சாங்க. செல்வம் அண்ணா, இதைக் கவனிங்க. ஒரே இனம்னு எழுதி வெச்சிருந்த வரைக்கும் இங்க இருக்கிறது போனாலும் "அங்க நிறைய இருக்கே"ன்னு சொல்லிட்டுப் போயிருப்பாங்க.

ஆத்தூர்_டீச்சர்:
வாளியில இருந்தது என்ன ஆச்சுங்க?

காப்பித்தோட்டத்தான்:
மண்ணுளியோ கேடயவாலோ, பாம்பைப் பிடிச்சு வித்தா கேஸாயிடும்டான்னு சொல்லி, அன்னைக்கே அதே குழி ஓரத்துல விடச் சொன்னேங்க டீச்சர். நிமிஷத்துல மண்ணுக்குள்ள போயிடுச்சு.

அஸ்தம்பட்டி_செல்வம்:
சரி, அட்டவணை இருந்துட்டுப் போகட்டும். பனிக்கரடியை மட்டும் எடுத்துட்டு அந்த மொட்டைவாலைப் போடணும். டீச்சர், உங்க பசங்கள்ல நல்லா வரையறவங்க யாராச்சும் இருக்காங்களா?

காப்பித்தோட்டத்தான்:
வரைஞ்சுக்கோங்க. காட்டுமாட்டைப் பெருசா வரைஞ்சா, பக்கத்துல ஒடைஞ்ச வேலியையும் வரையணும்.