.308 கேஸ் சைஸிங்: ஒரே டை, ஆனால் கேஸுக்குக் கேஸ் அளவு மாறுகிறது. அவசரம்!

டெக்சாஸ்வாசி
சனிக்கிழமை ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போகவேண்டும், அதனால் சுருக்கமாகக் கேட்கிறேன். சுட்ட .308 ரைஃபிள் கேஸ்களை (காலிப் பித்தளை உறை) மறுபடி நிரப்புவதற்காக ஃபுல் லெங்த் சைஸ் செய்துகொண்டிருக்கிறேன், அதாவது டை என்ற அச்சுக்குள் முழுக்க அழுத்தி அளவுக்குக் கொண்டுவருகிறேன். டையைத் தொடவே இல்லை, லாக் ரிங் இறுக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் தோள் அளவு (அடியிலிருந்து, கழுத்துக்குக் கீழே சரியும் தோள் வரை) ஒன்று 1.625 அங்குலம், அடுத்தது 1.631, ஒன்று 1.633 கூட வந்தது. டை போய்விட்டதா? புதிது வாங்கவா?

லேத்பட்டறை
போல்ட் துப்பாக்கியா, செமி ஆட்டோவா? கேஸ் எல்லாம் ஒரே கம்பெனியா? எத்தனை முறை சுட்டவை? என்ன லூப் (டைக்குள் வழுக்கிப் போகத் தடவுவது)? சைஸ் செய்வதற்கு முன் சுட்ட கேஸின் அளவு எவ்வளவு? ஒன்றையும் சொல்லாமல் டை போய்விட்டதா என்றால், போனில் கூப்பிட்டு "வயிறு வலிக்கிறது, என்ன மாத்திரை?" என்பது மாதிரி இருக்கிறது.

பித்தளைப்பித்தன்
அனீலிங். வேறொன்றும் இல்லை. ஒவ்வொரு முறை சுடும்போதும் சைஸ் செய்யும்போதும் பித்தளை கொஞ்சம் கடினமாகும். கடினமானது டைக்குள் அமுங்கிவிட்டு, வெளியே வந்ததும் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும். கழுத்தையும் தோளையும் மட்டும் சூடாக்கி எடுங்கள், சரியாகிவிடும். அடிப்பாகத்தில் மட்டும் சூடு ஏறக்கூடாது. அது மெத்தென்று ஆனால் கேஸைக் குப்பையில்தான் போடவேண்டும்.

மூத்த_குறிகாரன்
வாரம் ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். டையோடு வந்த தாளை யாரும் படிப்பதில்லை போலிருக்கிறது. ரெட்டிங் காம்பெட்டிஷன் ஷெல்ஹோல்டர் (கேஸை டைக்குள் ஏற்றும் பிரஸ்ஸில் அதன் அடியைப் பிடிக்கும் துண்டு) தொகுப்பு ஒன்று வாங்குங்கள். இரண்டு தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) முதல் பத்து தௌ வரை ஐந்து இருக்கும். இந்தப் பேச்சே தேவைப்படாது.

லேத்பட்டறை
ஐயா, அது எல்லாக் கேஸுக்கும் தோளை எவ்வளவு தள்ளலாம் என்பதை மாற்றும். கேஸுக்குக் கேஸ் வரும் வித்தியாசத்தைத் தீர்க்காது. இவருக்கு எட்டு தௌ ஆடுகிறது.

டெக்சாஸ்வாசி
போல்ட். ரெமிங்டன் 700. கேஸ் கலப்புதான், பாதி ரேஞ்சில் பொறுக்கியது. ஸ்ப்ரே லூப். சுட்ட கேஸ் 1.634. ஆபீஸில் இருக்கிறேன், அப்புறம் வருகிறேன்.

லேத்பட்டறை
இதைத்தான் முதலில் சொல்லியிருக்கவேண்டும். அந்த 1.634 ப்ரைமரோடு (கேஸின் அடியில் இருக்கும் வெடிமூடி) அளந்ததா? சுட்ட ப்ரைமரில் ஊசி குத்திய பள்ளத்தைச் சுற்றி விளிம்பு மேலெழுந்திருக்கும். காலிப்பர் தாடை அதன்மேல் உட்கார்ந்தால் இரண்டு மூன்று தௌ சும்மா கூடும். ப்ரைமரைத் தட்டி எடுத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

அடுத்தது அந்த 1.633. டை முதலில் கேஸின் உடம்பைத்தான் பிடிக்கும். உடம்பு ஒடுங்கினால் பித்தளை முன்னால் நகரும், தோளும் அதோடு நீளும். டையின் தோள் வந்து அமுக்கிய பிறகுதான் அது பின்னால் போகும். கடைசி இரண்டு தௌவுக்குப் பிரஸ் எட்டாவிட்டால், சைஸ் செய்த கேஸ் சுட்டதைவிட நீளமாகவே வெளியே வரும்.

ஒன்று செய்யுங்கள். கேஸ் உள்ளே இருக்கும்போது கைப்பிடியை முழுக்க இறக்கி, டைக்கும் ஷெல்ஹோல்டருக்கும் நடுவே டார்ச் அடித்துப் பாருங்கள். வெறுமனே தொடும்போது இடைவெளி தெரியாது. கடினமான கேஸை ஏற்றினால் மயிரிழை வெளிச்சம் தெரியும். பிரஸ் விரிந்து கொடுப்பது அது. ஒவ்வொரு கேஸும் ஒவ்வொரு அளவு விரிக்கிறது.

ஸ்காபரோ_அண்ணை
தம்பி, லூப்பையும் பார்க்க வேண்டும். ஸ்ப்ரே அடித்த கையோடு டைக்குள் விட்டால், ஆல்கஹால் காயாமல் சில கோது வெண்ணெய் போல் போகும், சில கோது பிடித்துக்கொள்ளும். கையிலேயே வித்தியாசம் தெரியும். பத்து நிமிடம் காயவிடுங்கோ. கழுத்தின் உள்ளேயும் கொஞ்சம் வேண்டும், இல்லாவிட்டால் கழுத்தை உள்ளிருந்து விரிக்கிற எக்ஸ்பாண்டர் குண்டு வெளியே வரும்போது தோளையும் இழுத்துக்கொண்டு வரும்.

மூத்த_குறிகாரன்
கோதா? கேஸ் என்றே எழுதலாமே, எல்லோருக்கும் புரியும்.

ஸ்காபரோ_அண்ணை
கேஸ் என்றால் கோர்ட்டில் நடப்பது. எங்கட ஊர்ப் பேப்பரில் வெற்று ரவைக்கோது என்றுதான் எழுதுவார்கள். முழுசாக இருந்தால் ரவை, பறந்து போவது சன்னம், மிஞ்சுவது கோது. மூன்றுக்கும் தமிழ் இருக்கிறது.

பித்தளைப்பித்தன்
ரவை என்றால் எங்களுக்கு உப்புமா அண்ணா. சன்னம் என்றால் பொடிசான அரிசி.

ஸ்காபரோ_அண்ணை
எங்களுக்கும் உப்புமாதான். அடுப்படியில் கேட்டால் உப்புமா, ரேஞ்சில் கேட்டால் ரவை. குழம்பினவர் யாரும் இல்லை.

மூத்த_குறிகாரன்
தோட்டாக் கூடு என்று அழகாகச் சொல்லலாமே.

பித்தளைப்பித்தன்
கூடு என்றால் குருவிக்கு. கோது நன்றாகத்தான் இருக்கிறது. புளியங்கோது, கடலைக்கோது மாதிரி. ஆனால் அனீல் செய்யாத கோது எத்தனை பெயர் வைத்தாலும் அடங்காது.

லேத்பட்டறை
பெயர் சூட்டு விழா முடிந்ததா? டெக்சாஸ்வாசி, 1.625 வந்தவற்றை அப்படியே சுட்டுவிடாதீர்கள். போல்ட்டுக்குத் தோளை ஒன்று இரண்டு தௌ பின்னால் தள்ளினால் போதும். அளவுக்கு மீறித் தள்ளிக்கொண்டே இருந்தால், சுடும்போது அடிக்குச் சற்று மேலே சுவர் இழுபட்டு மெலியும், ஒருநாள் அங்கேயே அறுந்துவிடும். பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை எல் போல வளைத்து, உள்சுவரில் தேய்த்து இழுங்கள். பள்ளத்தில் தட்டினால் அந்தக் கேஸ் வேண்டாம்.

டெக்சாஸ்வாசி
மணி 11 ஆகிவிட்டது. ப்ரைமர் இல்லாமல் அளந்தால் 1.631தான். அப்படியென்றால் 1.633க்கு டையின் தோள் எட்டவே இல்லை. வெளிச்சமும் தெரிந்தது, பழைய கேஸில் அதிகம். கம்பெனிவாரியாகப் பிரித்தேன், லூப்பைக் காயவிட்டேன், டையைக் கடுகளவு இறக்கினேன், ஒவ்வொன்றையும் உள்ளே வைத்து நான்கு எண்ணினேன். ஒருமுறை சுட்ட 40 கேஸ் 1.628, 1.629க்குள் நிற்கின்றன. பொறுக்கிய பழசு இன்னும் ஆடுகிறது. அதில் இரண்டில் கிளிப் தட்டியது, நசுக்கிப் போட்டுவிட்டேன். டை வாங்கவில்லை. நன்றி, தூங்கப் போகிறேன்.

பித்தளைப்பித்தன்
பழசு ஏன் ஆடுகிறது என்று இப்போதாவது கேளுங்கள்.

ஸ்காபரோ_அண்ணை
40 கோது.